எதோடு ஒப்பிட்டு?

ஒரு கிளாக்கின் ஜிட்டர் எத்தனை பிக்கோசெகண்ட் என்று கேட்டால் விற்பவர் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் பொய்யாக இருக்காது. ஆனால் எதோடு ஒப்பிட்டு அளந்தது, எவ்வளவு நேரம் அளந்தது என்பதும் கூடவே வராவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. டீ வருவதற்குள் தொடங்கிவிடலாம்.

100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் என்றால் ஒவ்வொரு 10 நானோசெகண்டுக்கும் மின்னழுத்தம் ஒருமுறை கீழிருந்து மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றம்தான் எட்ஜ். நிஜத்தில் ஓர் எட்ஜ் கொஞ்சம் முந்தும், இன்னொன்று கொஞ்சம் பிந்தும். இந்த முந்தல் பிந்தலே ஜிட்டர். ஒரு பிக்கோசெகண்டில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் நகரும். அத்தனை சிறிய நேரத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்று தோன்றலாம். 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை டிஜிட்டலாக்கும் 16 பிட் ஏடிசிக்கு 1 பிக்கோசெகண்ட் ஜிட்டர் உள்ள கிளாக்கைக் கொடுத்துப் பாருங்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 64 டெசிபலைத் தாண்டாது. அது பத்து பிட் சொச்சத்துக்குத்தான் சமம். மிச்ச பிட்டுகளுக்குக் கொடுத்த காசு வீண்.

கச்சேரியில் தாளம் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். இந்த இடைவெளி முந்தைய இடைவெளியிலிருந்து எவ்வளவு மாறியது என்றும் பார்க்கலாம். அல்லது பக்கத்தில் ஒரு மெட்ரோனோமை ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கு வைக்கலாம். காலப்பிரமாணம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுகிறதென்றால் முதல் அளவில் அது லேசாகத் தெரியும், இரண்டாவதில் தெரியவே தெரியாது, மூன்றாவதில் பல்லவி முடிவதற்குள் மாட்டிக்கொள்வார். கிளாக்கிலும் இதே மூன்றுதான்: பீரியட் ஜிட்டர், சைக்கிள்-டு-சைக்கிள் ஜிட்டர், டைம் இன்டர்வல் எரர்.

வந்த டீயை ஒரு வாய் குடித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புக்கான 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைப் பல சமயம் வேண்டுமென்றே ஆட்டுகிறார்கள். ஒரே அதிர்வெண்ணில் அசையாமல் நின்றால் ரேடியோ கதிர்வீச்சு அந்த இடத்திலேயே குவிந்து, மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனையில் பலகை தோற்றுப்போகும். அதனால் அதிர்வெண்ணை 0.5 சதவீதம் வரை இறக்கி, மறுபடி ஏற்றி, நொடிக்கு 30,000 முதல் 33,000 தடவை இப்படிச் செய்கிறார்கள். ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்பது இதுதான். வேறு எந்தக் கோளாறும் இல்லாத கிளாக், ஏற்றமும் இறக்கமும் நேர்கோட்டில் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

பீரியட் 10 நானோசெகண்டுக்கும் 10.05 நானோசெகண்டுக்கும் நடுவே போய்வரும். வித்தியாசம் 50 பிக்கோசெகண்ட். ஒரு முழு இறக்கத்துக்கு 1,500 சைக்கிளுக்கு மேல் ஆகிறது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு சைக்கிள்களுக்கு இடையில் மாறுவது சுமார் 0.03 பிக்கோசெகண்ட்தான். ஆனால் இதே சராசரி வேகத்தில் ஆடாமல் ஓடும் கிளாக்கைப் பக்கத்தில் வைத்தால், அந்தத் துளிகளெல்லாம் சேர்ந்து விலகல் 20,000 பிக்கோசெகண்ட் அளவுக்குப் போய்விடும். முழுசாக இரண்டு சைக்கிள்! ஒரே கிளாக்குக்கு 0.03, 50, 20,000 என்று மூன்று எண்கள், மூன்றும் சரி. விளம்பரத்தில் எது அச்சாகும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனை ஆடியும் கம்ப்யூட்டர் ஓடுகிறதே என்றால், பெரும்பாலும் இரண்டு முனைகளும் அதே கிளாக்கைத்தான் வாங்கிக்கொள்கின்றன, சேர்ந்து ஆடுகின்றன. வாங்கும் பக்கத்துச் சுற்று மெதுவான ஆட்டத்தைத் தானே தொடர்ந்தும் பிடித்துக்கொள்ளும்.

அளப்பதற்குக் கையில் முதலில் அகப்படுவது ஆசிலோஸ்கோப். ஓர் எட்ஜில் ட்ரிகர் செய்து அடுத்த எட்ஜைப் பார்த்தால் கோடு தடித்துத் தெரியும். அந்தத் தடிப்பை ஹிஸ்டோகிராமாகப் போட்டால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி வடிவம் வரும். இரண்டு கூம்பாக வந்தால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று ஒழுங்காக உலுக்குகிறது என்று பொருள். பவர் சப்ளையை முதலில் சந்தேகப்படலாம். மணி வடிவத்தில் இன்னொரு வம்பு இருக்கிறது. அதன் ஓரங்களுக்கு எல்லை கிடையாது. ஆயிரம் எட்ஜ் பார்த்தால் ஓர் அகலம், பத்து லட்சம் பார்த்தால் அதைவிட அதிகம். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரையான அகலம்தான் பீக்-டு-பீக். எத்தனை எட்ஜ் என்று சொல்லாத பீக்-டு-பீக் எண்ணை நான் படிப்பதே இல்லை. விலகல்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்ட ஆர்எம்எஸ் மதிப்பு அப்படி ஓடாது. லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்ற கணக்கில் பீக்-டு-பீக் வேண்டுமென்றால் அதை 14 மடங்காக்கிக்கொள்வது வழக்கம்.

ஸ்கோப்பையும் முழுசாக நம்ப முடியாது. அதன் உள்ளே இருப்பதும் ஒரு கிளாக்தானே. ஸ்கோப்பின் சொந்த ஜிட்டர் 1 பிக்கோசெகண்ட், உங்கள் கிளாக்கினுடையது 0.3 என்றால் இரண்டின் வர்க்கங்களும் கூடி, வர்க்கமூலமாகத் திரையில் 1.04 என்று வரும். அளந்தது ஸ்கோப்பைத்தான். இதில் எட்ஜின் சரிவும் சேர்ந்துகொள்ளும். நானோசெகண்டுக்கு 1 வோல்ட் ஏறும் எட்ஜில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் 1 பிக்கோசெகண்ட் ஜிட்டராகத் தெரியும். எட்ஜ் பத்து மடங்கு சோம்பலாக ஏறினால் அதே இரைச்சல் 10 பிக்கோசெகண்ட் ஆகிவிடும். சிக்னலைத் திரை நிறைய வைத்துக்கொள்ளச் சொல்வதும், புரோபின் கிரவுண்ட் ஒயரைக் குட்டையாக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

நல்ல கிரிஸ்டல் ஆசிலேட்டரை அளக்க ஸ்கோப் போதாது. அங்கே ஃபேஸ் நாய்ஸ் அனலைசர் வேண்டும். எந்த வேகத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று அது பிரித்துக் காட்டும். ஒரு வேகத்திலிருந்து இன்னொன்று வரை கூட்டினால் ஆர்எம்எஸ் ஜிட்டர் கிடைக்கும். டேட்டாஷீட்களில் 12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டியிருப்பார்கள். அது 2.5 கிகாபிட் வேக சோனெட் தொலைத்தொடர்பு இணைப்புக்காக ஏற்பட்ட வரம்பு. உங்கள் ஏடிசிக்கு 12 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே நடப்பதும் முக்கியமாக இருக்கலாம்.

அனலைசருக்குள்ளும் ஒப்பிட ஒரு கிளாக் வேண்டுமே? நல்ல கருவிகளில் இரண்டு இருக்கும், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல். உங்கள் சிக்னலை இரண்டாகப் பிரித்து இரண்டோடும் ஒப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் பொதுவாகத் தெரிவது உங்கள் கிளாக்கின் ஆட்டம். தனித்தனியானவை சராசரி எடுக்க எடுக்கத் தேய்ந்துபோகும். நூறு தடவை எடுத்தால் 10 டெசிபல் குறையும். இன்னும் 10 வேண்டுமென்றால் பத்தாயிரம் தடவை. இதிலும் ஒரு பொறி உண்டு. சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டரின் வெப்ப இரைச்சல் இரண்டு பக்கமும் எதிரெதிர்க் குறியோடு போய்ச் சேரும். மிக அமைதியான ஆசிலேட்டரில் அது உண்மையான இரைச்சலையே கழித்துவிட்டு, கிளாக் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டும். வரைபடத்தில் ஓரிடத்தில் மட்டும் காரணமில்லாமல் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், ஆசிலேட்டரைப் பாராட்டுவதற்கு முன் ஸ்பிளிட்டரைப் பாருங்கள்.