பித்தப்பை வலி: பத்தியமா, ரண சிகிச்சையா?

சென்னை மாநகரின் வடபாகத்தில் உழைத்து ஜீவிக்கும் ஜனங்களிடையே “வாயு” என்னும் ஒற்றைச் சொல் அநேக நோய்களுக்கு முகமூடியாக இருந்து வருகிறது. வியாசர்பாடியில் ஒரு வீட்டில் நள்ளிரவில் ஒருவருக்கு மேல்வயிற்றின் வலப்புறம் இறுகப் பிடித்து, முதுகிலும் வலத் தோளிலும் பாய்ந்து, புரண்டு படுத்தாலும் எழுந்து உட்கார்ந்தாலும் அடங்காத வலியொன்று வருமாயின், வீட்டார் முதலில் தேடுவது ஓமத்தண்ணீரையும் இஞ்சிச் சாற்றையும் கோலி சோடாவையுமேயாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி தானே தணிகிறது. தணித்தது சோடாதான் என்று எல்லோரும் நம்பிவிடுகின்றனர். சில வாரங்கள் கழிந்து அதே வலி முன்னிலும் கொடுமையாய்த் திரும்பி வருகிறது. இவ்வாறு வந்து வந்து போகும் வலிகளில் பல வாயுவினால் வருவன அல்ல. பித்தப்பையில் தங்கிய கற்களால் வருவன. இதை ஜனங்கள் அறியாதிருப்பதனால் விளையும் கஷ்டமும், அரைகுறையாய் அறிந்திருப்பதனால் விளையும் பொருள் நஷ்டமும் கொஞ்சமல்ல. ஆதலின் இவ்விஷயத்தை இன்று சற்று விரிவாக ஆராய எண்ணுகிறோம்.

வலியின் மூலம்

ஈரலின் அடியில் தொங்கும் சிறு பை பித்தப்பை. ஈரல் இடையறாது சுரக்கும் பித்த நீரில் ஒரு பகுதியை வாங்கி, நீரை வற்றவைத்துச் செறிவாக்கிச் சேமித்து வைப்பதே அதன் தொழில். நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையைக் கடந்து சிறுகுடலை எட்டியதும், அங்கிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் கலந்து பித்தப்பைக்குச் செய்தி கொண்டு செல்கிறது. உடனே பை சுருங்கிப் பித்தத்தை வெளியேற்றுகிறது. பையினுள் கல் இருந்து, அது வாயிலில் வந்து அடைத்துக்கொண்டால், பை சுருங்கச் சுருங்க வலி மிகுகிறது. கல் பின்வாங்கி வழி விட்டதும் வலி தணிகிறது. கொழுத்த விருந்துக்குப் பின்னும் நள்ளிரவிலும் வலி வருவதன் ரகசியம் இதுவே.

அரை மணி முதல் சில மணி நேரம் வரை நின்று பின் அடங்குவது சாதாரண பித்தப்பை வலி. ஆறு மணி நேரத்துக்கு மேலும் நீடித்து ஜுரமும் வாந்தியும் சேர்ந்தால் பை வீங்கிப் புண்பட்டுவிட்டதென்று கொள்ள வேண்டும். கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்தால் கல் பையை விட்டு நழுவிப் பொதுக் குழாயை அடைத்துவிட்டது என்று பொருள். குளிர் ஜுரமும் அதனோடு கூடினால் உயிருக்கே அபாயம். அக்கல் கணையத்தின் வழியை மறித்துக் கணைய அழற்சியை உண்டாக்குவதும் உண்டு. இந்நிலைகளில் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை; பொழுது விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். நடு நெஞ்சுக்குக் கீழே தோன்றும் வலி சில சமயம் இருதய நோயாகவும் இருக்கக்கூடும். வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வரும் வலியைப் பித்தம் என்றோ வாயு என்றோ பெயரிட்டுப் படுத்துறங்குவது பேதைமை.

ரயில்வே தொழிலாளர் தந்த பாடம்

இந்நோய் குறித்து நம் தேசத்தில் நடந்த ஆராய்ச்சிகளில் ஒன்று வடசென்னைவாசிகளுக்குச் சொந்த விஷயம் போன்றது. ரயில்வே வைத்திய அதிகாரியாயிருந்த டாக்டர் மல்ஹோத்ரா, ரயில்வே தொழிலாளரிடையே பித்தப்பைக் கல் நோய் எவ்வளவு காணப்படுகிறது என்று ஆராய்ந்து 1968-இல் முடிவை வெளியிட்டார். வடநாட்டுத் தொழிலாளரிடையே இந்நோய் தென்னாட்டுத் தொழிலாளரிடையே காணப்பட்டதைப் போல் ஏழு மடங்கு என்பது அவர் கண்ட முடிவு. பெரம்பூர்ப் பட்டறைகளை அண்டை வீடாகக் கொண்ட வியாசர்பாடியார் இதைக் கேட்டு மகிழலாம். ஆயினும் மகிழ்ச்சியில் அசந்துவிடலாகாது. அறுபதுகளில் உண்ட உணவு வேறு, இன்று உண்ணும் உணவு வேறு.

கற்களின் இயல்பிலும் வேற்றுமை உண்டு. வடநாட்டில் பெரும்பாலும் காணப்படுவது கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருள் உறைந்த கல். தென்னாட்டிலோ பித்தத்தின் நிறமிகள் திரண்ட கற்களும், இரண்டும் கலந்த கற்களும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இந்த வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. கல்லைக் கரைப்பதாகச் சொல்லப்படும் மாத்திரை நம்மவருக்கு எவ்வளவு பயன்படும் என்பதே இதைப் பொறுத்திருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

உணவில் செய்யத்தக்கது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பத்தியத்தால் வலி வரும் தடவைகளைக் குறைக்கலாம். உண்டாகிவிட்ட கல்லைக் கரைக்க முடியாது. இந்த வரம்பை உணர்ந்து பத்தியம் இருப்போர் ஏமாற மாட்டார்.

வலிக்குத் தூண்டுகோல் ஒரே வேளையில் உட்செல்லும் மிகுதியான கொழுப்பு. ஆகையால் பரோட்டாவும் சால்னாவும், பிரியாணி, பூரி, பஜ்ஜி, பொரித்த இறைச்சி, தேங்காய்ப்பால் மிகுந்த குழம்பு முதலியவற்றை வலி கண்டவர் விலக்க வேண்டும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய தமிழர் தந்த அத்தோவை அப்பகுதியார் விட மாட்டார்கள். விட வேண்டுவதுமில்லை; எண்ணெயில் பொரித்த வெங்காயத்தையும் பூண்டையும் குறைக்கச் சொல்லி, உடன் வரும் வாழைத்தண்டுச் சூப்பை அதிகமாய்க் கேட்டு வாங்கினால் போதும். இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், ஆடை நீக்கிய மோர், பருப்பு, கீரை, காய்கறி, பழம் ஆகியவை தீங்கு செய்யா. காசிமேட்டு மீனைப் பொரிக்காமல் குழம்பில் இட்டு உண்ணலாம். எண்ணெயை அறவே ஒழிப்பதும் சரியன்று. கொழுப்பே இல்லாத உணவினால் பை சுருங்காமல் பித்தம் தேங்குகிறது. தேக்கமோ கல்லுக்குத் துணை செய்கிறது. சிறிது எண்ணெயை எல்லா வேளைக்கும் பகிர்ந்து உண்பதே முறை.

இதே காரணத்தால் நெடும் பட்டினியும் கெடுதி. நம் நேயர்களில் பொதுத்தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் பலர். காலையில் ஒரு கோப்பைத் தேநீருடன் புறப்பட்டு, பகலெல்லாம் பட்டினியாய் அலைந்து, பொதுக்கூட்டம் முடிந்த நள்ளிரவில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் அவர்களுக்குப் புதிதன்று. பகல் முழுதும் பித்தத்தைத் தேங்கவிட்டு, இரவில் பையை ஒரேயடியாய்ச் சுருங்கச் செய்வதற்கு இதனினும் சிறந்த உபாயம் இல்லை! உடல் இளைக்க வேண்டும் என்று வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடையைக் குறைப்போருக்கும் கல் உண்டாகும் அபாயம் அதிகம்.

அன்பர்கள் தம்மைப் பற்றி மட்டும் எண்ணினால் போதாது. இந்நோய் ஆடவரைவிடப் பெண்டிரையே அதிகம் பற்றுகிறது; பிள்ளைப்பேறு அதற்கு ஒரு காரணம். எல்லோரும் உண்டபின் கடைசியில் உண்பவளும், காலைப் பலகாரத்தைத் தவிர்ப்பவளும், தன் வலியைக் கடைசியில் சொல்லுபவளும் வீட்டுப் பெண்ணே. அவள் “வாயு” என்று சொல்லித் தைலம் தடவிக்கொள்ளும்போது அதை நம்பிப் பேசாதிருப்பது ஆண்மக்களுக்கு அழகன்று.

மயக்கும் மருந்துகள்

ஜனங்கள் சிறுநீரகக் கல்லையும் பித்தப்பைக் கல்லையும் ஒன்றென்று மயங்குகிறார்கள். சிறுநீர்க் கல்லுக்குச் சொல்லப்படும் வாழைத்தண்டுச் சாறும் தண்ணீரும் பித்தப்பைக்குள் புகுவதே இல்லை. அவ்வாறே, கல் அடைத்து வரும் காமாலைக்குக் கீழாநெல்லி தந்து காலங் கழிப்பது ஆபத்து. அடைப்பை நீக்கினாலன்றி அக்காமாலை நீங்காது.

ஆப்பிள் சாறு குடித்து, பேதி உப்புத் தின்று, இறுதியில் ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துப் பருகினால் கற்கள் மலத்தோடு வெளிப்படும் என்று ஒரு வைத்தியம் கைப்பேசி தோறும் உலவுகிறது. அவ்வாறு பருகியவர்கள் பச்சை நிற உருண்டைகளைக் கண்டு வியப்பதும் மெய்யே. 2005-இல் லான்ஸெட் என்னும் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் இவ்வுருண்டைகளைச் சோதித்த செய்தி வெளிவந்தது. 40 பாகை வெப்பத்தில் அவை உருகி எண்ணெயாயின. பித்தப்பைக் கல்லின் பொருள் அவற்றில் இல்லை. குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் வயிற்றிலே கூடிச் சவர்க்காரக் கட்டிகளாய் வந்தன. கல் இருந்த இடத்திலேயே இருந்தது! அவ்வளவு எண்ணெயை ஒருங்கே குடிப்பதனால் கடும் வலியை வரவழைத்துக்கொள்ளவும் கூடும்.

உர்ஸோடியாக்ஸிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை போலி அன்று. ஆனால் அதற்கு வரம்பு உண்டு. சிறிய கொலஸ்ட்ரால் கல்லை, நன்றாய்த் தொழிற்படும் பையில், ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை உண்டால் அது கரைக்கக்கூடும். நிறமிக் கல்லை அது கரைப்பதில்லை. கரைந்தவருள்ளும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்தாண்டுகளில் கல் மறுபடி உண்டாகிறது.

கத்தி எப்போது வேண்டும்?

1882-இல் பெர்லின் நகரத்து ரண வைத்தியர் லாங்கென்புக், பல்லாண்டுகள் துன்புற்ற ஒருவரின் பித்தப்பையை முதன்முதல் முழுதும் அகற்றி வெற்றி கண்டார். கல்லை மட்டும் எடுத்தால் பை மீண்டும் கல்லைப் படைக்கும். ஆகவே பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் துணிபு. இன்றும் அதுவே முறை. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்திப் பையை எடுத்தார். 1990-இல் பம்பாய் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் இதனைத் தொடங்கிவைத்தார். ஏழைகள் நாடும் ஒரு ஸர்க்கார் ஆஸ்பத்திரியில் இது தொடங்கியது பெருமைக்குரியது.

ஆயினும் கல் கண்ட அனைவருக்கும் கத்தி வேண்டுமா? வேண்டா. கல் உடையோருள் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் எவ்வித வலியும் இன்றி இருக்கின்றனர். வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது என்பதற்காகவே கடன் வாங்கி ரண சிகிச்சை செய்துகொள்வது பெரும்பாலும் அவசியமற்றது. மிகப் பெரிய கல், பையின் சுவர் சுண்ணம் படிந்து இறுகுதல், பையில் வளர்ந்த கட்டி முதலிய சில நிலைகள் மாத்திரம் விலக்கு.

ஒரு முறை வலி வந்துவிட்டாலோ கதை வேறு. வலி கண்டவருக்கு அது திரும்புவதே வழக்கம். சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதி. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். ஒழிந்த வேளையில் துளை வழியே ரண சிகிச்சை செய்துகொண்டால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்; இரண்டு வாரத்தில் இலேசான வேலையும், சில வாரங்கள் கழித்து வைத்தியர் அனுமதித்தபின் சுமை வேலையும் செய்யலாம். கூலி போகுமே என்று ஓராண்டு தள்ளிப்போட்டு, பை சீழ்பிடித்தபின் அவசரமாய் வயிற்றைத் திறக்க நேர்ந்தால், இழக்கும் கூலியும் படும் பாடும் பன்மடங்காகும். குழாயில் கல் இறங்கியிருந்தால் வாய்வழியே செலுத்தும் குழாய்க் கருவியால் அதனைத் தனியே அகற்றவும் நேரிடும்.

அபாயமே இல்லாத சிகிச்சை உலகில் இல்லை. ஆயிரம் பேரில் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தக் குழாயில் காயம் உண்டாகலாம். ஆகையால் இத்தொழிலில் பழகிய கைகளைத் தேட வேண்டும். பை போனால் ஜீரணம் போய்விடும் என்னும் அச்சம் மட்டும் வேண்டாம். பித்தத்தைச் சுரப்பது ஈரல்; பை வெறும் சேமிப்புக் கிடங்கு. சிலருக்குச் சிறிது காலம் வயிறு இளகலாம். பெரும்பாலோர் வழக்கமான உணவையே உண்கின்றனர்.

நம் கடமை

வியாசர்பாடிக்கு அருகிலேயே இருக்கிறது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. 1782-இல் பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்து, 1938-இல் வைத்தியக் கல்லூரியுமாகிய அந்த ஸ்தாபனத்தைக் “கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி” என்று முதியோர் இன்னும் அழைக்கின்றனர். அங்கே குடல், ஈரல் நோய்களுக்கென்று தனிப் பிரிவும் ரண வைத்தியரும் உண்டு. ஏழைகளுக்குப் பணமின்றிச் சிகிச்சை கிடைக்கும் அவ்விடத்தை விட்டு, தாலியை அடகு வைத்துத் தனியார் வாசலில் நிற்பானேன்? வரிசையில் நிற்க ஒரு நாள் கூலி போகிறது, போனால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்பதே அவர்கள் சொல்லும் விடை. இவ்விடையில் நியாயம் இல்லாமற் போகவில்லை.

இங்கேதான் பொதுத்தொண்டர்களுக்கு வேலை இருக்கிறது. தெருவுக்கு ஒருவர், வலியால் துடிக்கும் ஒரு தாயையோ தொழிலாளியையோ அழைத்துச் சென்று, சீட்டு வாங்கித் தந்து, ஸ்கேன் எடுக்கும் அறை வரை உடன் நடந்தால், அது நூறு மேடைப் பேச்சுக்கு ஈடாகும். வலி இல்லாத கல்லுக்காகக் கடன்படாதீர். வலி தரும் கல்லை வாயு என்று மறைக்காதீர். மஞ்சட் கண்ணையும் குளிர் ஜுரத்தையும் ஓர் இரவும் பொறுக்காதீர். இம்மூன்று வார்த்தைகளையும் நம் நேயர்கள் தங்கள் தெருவில் உள்ளார்க்கு எடுத்துச் சொல்லுவார்களாயின், நாம் இதை எழுதியதன் பயனை அடைந்தவராவோம்.