தன்மட்டமாக்கும் பின் தொங்கலமைப்பு: பழுதை இனங்காணும் முறை

மோட்டார் வண்டியில் சுமை ஏற, அதன் பின்புறம் தாழ்கின்றது. முன்விளக்குகளின் ஒளி மேனோக்கிச் சென்று எதிரே வருவோரின் கண்களைக் கூசச் செய்கின்றது. சில்லுகள் மேலெழுவதற்குரிய இடைவெளியும் குறைகின்றது. இக்குறையை நீக்கும்பொருட்டு, 1977 இல் அறிமுகமாகி 1986 வரை உற்பத்தி செய்யப்பட்ட மேர்சிடிஸ் பென்ஸ் 123 தொடரின் எஸ்டேட் வகைக் கார்களிலே தன்மட்டமாக்கும் அமைப்பொன்று பின் அச்சுக்குப் பொருத்தப்பட்டது. இன்றும் ஓடும் இவ்வண்டிகளின் பழுதுகளை எவ்வாறு பிரித்தறிவதென்பதை இங்கு ஆராய்வோம்.

சுருள்வில்களும் எண்ணெய் நிறைந்த இரு தாங்கிகளும் சுமையைப் பகிர்ந்து தாங்குகின்றன. எஞ்சினால் இயக்கப்படும் பம்பி எண்ணெயை அனுப்ப, பின்புறத்தின் உயரத்தை இணைப்புக்கோல் ஒன்றின் வாயிலாக உணரும் வால்வு, அதனைத் தாங்கிகளுக்குள் விடுகின்றது அல்லது திருப்பி வெளியேற்றுகின்றது. எண்ணெய் பெரிதும் நெருக்கப்படாதது. ஆதலின் அது உயரத்தைத் தரலாமேயன்றி மென்மையைத் தராது. மென்மையைத் தருவது, ஒவ்வொரு தாங்கியோடும் இணைந்த கோளத்தினுள் மென்றகட்டுக்கு அப்பால் அடைக்கப்பட்டுள்ள நைதரசன் வாயுவே. அமுக்கம் ஏற வாயு சுருங்கி, வில்லைப்போலத் தொழிற்படுகின்றது.

எனவே உயரக் குறைபாடும் மென்மைக் குறைபாடும் வெவ்வேறு நோய்களாம். வண்டி சரியான உயரத்தில் நின்றும் சிறு பள்ளத்திலேயே கடுமையாகத் துள்ளுமாயின், கோளங்கள் வாயுவை இழந்துள்ளன எனக் கொள்ளலாம். இந்நிலையில் தாங்கிகளை மாற்றுவது வீண்செலவு. துள்ளும் சில்லு வீதியை விட்டு எழுவதால், தடுப்பின் பயனும் குன்றுகின்றது.

உயரத்தைச் சோதிக்க, எஞ்சினை இயக்கிய நிலையில் இருவரைப் பின்புறத்தில் அமரச் செய்க. தாழ்ந்த வண்டி சிறிது நேரத்தில் மீண்டும் உயர்தல் வேண்டும். உயராவிடின் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் நன்று. முதலில் தாங்கலிலுள்ள எண்ணெயின் மட்டம், அடுத்து குழாய்களிலும் தாங்கிகளிலும் கசிவு, பின்னர் இணைப்புக்கோல், ஈற்றில் வால்வும் பம்பியும் என்ற ஒழுங்கு பொருந்தும். இணைப்புக்கோல் கழன்றிருப்பின், ஏனைய உறுப்புகள் குறையற்றிருந்தும் பின்புறம் அளவு கடந்து உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கக்கூடும். எண்ணெய் குறைந்தும் வெளியே கசிவு தோன்றாவிடின், பம்பியின் அடைப்புத் தேய்ந்து எண்ணெய் எஞ்சினுள் செல்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இவ்வமைப்புக்கு விதிக்கப்பட்ட எண்ணெயையன்றி வேறெதனையும் ஊற்றலாகாது.

குழாயெதனையும் கழற்றுமுன் வால்வின் திருகைத் திறந்து அமுக்கத்தை வெளியேற்றல் இன்றியமையாதது. அவ்வேளை வண்டி திடீரெனத் தாழுமாதலால், உறுதியான தாங்கு கட்டைகளை வையாது எவரும் அதன் கீழ்ச் செல்லலாகாது. வண்டியை உயர்த்தி நிற்பது எண்ணெயின் அமுக்கம். கீழே கிடப்பவருக்கு அது காவலன்று.