ஒரே ஸ்டேஷன், மூன்று பரீட்சை! தெரியுமா?

டெல்லி ஜனக்புரி மேற்கு மெட்ரோ ஸ்டேஷனில் 2018-ல் வைத்த எஸ்கலேட்டரின் உயரம் 15.65 மீட்டர். அப்போது நாட்டிலேயே அதுதான் மிக உயரமானது, தெரியுமா? ஏறக்குறைய ஐந்து மாடி! அதையும் மிஞ்சும் ஆச்சரியம், அங்கே கூடும் தண்டவாளங்களில் இருக்கிறது.

நீலத் தடம் இங்கே வந்தது 2005 டிசம்பர் 31 அன்று. இந்தத் தடமும் சேர்ந்த டெல்லி மெட்ரோவின் முதல் கட்டத்துக்குப் போட்ட கணக்கு 10 ஆண்டு. முடிந்தது ஏழே கால் ஆண்டில்! வேலை நடந்த இடமெல்லாம் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று பின்னோக்கி ஓடும் கடிகாரங்களை மாட்டிவைத்தார், டெல்லி மெட்ரோ நிறுவனத்தை அப்போது நடத்திய இ. ஸ்ரீதரன்.

அப்படியானால் எல்லாம் அவர் திறமையா? பொறுங்கள். கொல்கத்தா மெட்ரோவின் திட்ட வேலையில் 1970-களில் இருந்தவரும் இதே ஸ்ரீதரன்தான், தெரியுமா? அங்கே அடிக்கல் 1972-ல், முதல் ரயில் 1984-ல், சுமார் 16.5 கிலோமீட்டர் முழுசாக முடிந்தது 1995-ல்! அதே மூளை, வேறு ஊர், வேறு அதிகாரம்.

சரி, அதிர்ஷ்டமா? 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்ததே, அதில் 46 நாளில் ரயிலை ஓடவைத்தவரும் அவரே. கடலில் கிடந்த கர்டர்களை மீட்டுத் திரும்ப மாட்டினார்கள். அவை உடையாமல் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் அலைக்கு நடுவே அவற்றைத் தூக்கி நிறுத்தியதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் வேலை செய்த முறைதான் காரணமா? ஜனக்புரி மேற்குக்கு இரண்டாவதாக வந்த மெஜந்தா தடத்தை அதே நிறுவனம், அதே முறையில் கட்டியது. ஸ்ரீதரன் 2011 கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டார். 2016-ல் முடிய வேண்டிய மூன்றாம் கட்டத்தில் இந்தத் தடம் ஜனக்புரியைத் தொட்டது 2018 மே மாதத்தில்!

மூன்றாவதைக் கேளுங்கள். மெஜந்தா தடத்தை இங்கிருந்து ஆர்.கே. ஆசிரமம் வரை நீட்டும் வேலை 2019 டிசம்பரில் தொடங்கியது. மரம் வெட்ட அனுமதி கிடைக்கத் தாமதம், நடுவே கொரோனா. 2025 ஜனவரி 5 அன்று திறந்தது, கிருஷ்ணா பார்க் எக்ஸ்டென்ஷன் வரை சுமார் 2.8 கிலோமீட்டர்தான்!

இன்னொன்று தெரியுமா? முதல் கட்டத்தின்போது டெண்டர் முதல் ஆள் தேர்வு வரை நிறுவனமே முடிவெடுக்கும்படி மத்திய அரசும் டெல்லி அரசும் விட்டிருந்தன. பாதி பாதிப் பங்கு வைத்திருந்த இரண்டு அரசுகள்! என்னைக் கேட்டால், அந்த வேகத்தில் பெரிய பங்கு இந்தச் சுதந்திரத்துக்குத்தான்.