சுவரை வைத்தே சித்திரம்

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நமது முன்னோர் வாக்கு. அமெரிக்காவிலே, சிகாகோ நகரத்தில், பில்ஸன் என்னும் பேட்டையின் சரித்திரத்தைக் கவனிப்போருக்கு இவ்வாக்கின் உண்மை நன்கு விளங்கும்.

பில்ஸன், செக் மக்கள் குடியிருந்த காலத்தில் அவர்களுடைய ஊர்ப் பெயரைப் பெற்ற இடம். 1960-க்குப் பின், அருகே சர்வகலாசாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டபோது, நிலையிழந்த மெக்ஸிகக் குடும்பங்கள் பல இங்கே வந்து குடியேறின. செக் மக்களுக்காக நடத்தப்பட்டுவந்த ஒரு சமூக நிலையம் 1970-ல் 'காஸா அஸ்ட்லான்' என்று புதுப்பெயர் பெற்றது. காஸா என்றால் இல்லம்; அஸ்ட்லான் என்பது அஸ்டெக் மக்களின் ஆதிநாடாகப் புராணம் கூறும் இடம். ரே பாட்லான் என்ற ஓவியர் அதன் சுவர்களில் அம்மக்களின் வீரரையும் உழைப்பாளரையும் தீட்டினார். புதிதாக வந்தோருக்கு வேண்டிய படிப்பும் உதவியும் அங்கே கிடைத்தன.

1982-ல் கார்லோஸ் டார்ட்டொலெரோ என்னும் உபாத்தியாயரும் அவருடைய சகாக்களும் 900 டாலர் முதலுடன் மற்றொரு ஸ்தாபனத்தைத் தொடங்கினர். 1987-ல் ஹாரிஸன் பூங்காவில், முன்பு படகு கட்டும் பட்டறையாயிருந்த கட்டடத்தில், அது கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. 2001-ல் விரிவடைந்து, 2006-ல் 'மெக்ஸிகக் கலை தேசியக் காட்சிசாலை' எனப் பெயர் மாறியது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் இறந்தோர் தினத்தையொட்டி, துலுக்கச் செவ்வந்தி மலரும், மாண்டவர் படமும், அவர் விரும்பிய உணவும் வைத்த படையல்கள் காட்சியாக அமைகின்றன. கலை செல்வரின் சொத்தன்று என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க முடியுமா?

ஆனால் கலையால் புகழ்பெற்ற பேட்டையில் வாடகையும் ஏறியது. 2000-க்கும் 2010-க்கும் இடையில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட லத்தீன் அமெரிக்க வம்சத்தினர் பில்ஸனில் குறைந்துவிட்டனர். பண முடையால் மூடப்பட்ட காஸா அஸ்ட்லான் கட்டட முதலாளி ஒருவர் கைக்குப் போயிற்று. 2017-ல் அதன் சுவர்ச் சித்திரங்கள் மீது சாம்பல் நிறம் பூசப்பட்டது. ஜனங்கள் கொதித்தெழுந்தனர். முதலாளி வருத்தம் தெரிவித்தார். பாட்லானே மீண்டும் வந்து புதிய சித்திரம் எழுதினார். சித்திரம் திரும்பியது, ஜனங்களின் இல்லம் திரும்பவில்லை. அது வாடகைக் குடியிருப்பாகிவிட்டது.

தமது சுவரைத் தாம் விரும்பியபடி பூச உடையவருக்கு உரிமையுண்டு என்பர். சட்டம் அவ்வாறு கூறலாம். ஆனால் அவ்விடத்துக்கு மதிப்பை உண்டாக்கியவர் யார்? ஏழைகளின் பேட்டையென்று பிறர் ஒதுக்கிய நாளில் அங்கே வாழ்ந்து, அதை அழகுபடுத்தியவர்களல்லவா? அவர்கள் சிருஷ்டித்த மதிப்பே அவர்களை வெளியேற்றும் ஆயுதமாவது நியாயமன்று.

காட்சிசாலை இன்றும் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம், அது நகரப் பூங்கா நிலத்தில் நிற்பது. கடனுக்காக அதை ஏலம் கூறுவார் இல்லை. எனினும், சுற்றிலும் உள்ள குடும்பங்கள் போய்விட்டால் அங்குள்ள படையல் யாருக்காக? கலையைக் காக்க விரும்புவோர் ஓவியருக்கு வர்ணம் வாங்கித் தந்தால் மட்டும் போதாது. கூடும் இடத்தைப் பொதுவுடைமையாக்குவதும், குடியிருப்போரின் வாடகைக்கு வரம்பு கேட்பதும் கலைத்தொண்டே என்பது நமது துணிபு.