கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தூக்கி வந்த மாலுமிகள்!

1087-ம் ஆண்டு. இன்றைய துருக்கியின் தென்கரையில் இருக்கும் மைராவில் மூன்று கப்பல்கள் ஒதுங்கின. இத்தாலியின் பாரி நகரத்து வணிகக் கப்பல்கள். இறங்கிய மாலுமிகள் நேராகப் புனித நிக்கோலஸ் ஆலயத்துக்குப் போனார்கள். கையில் ஆயுதங்கள்!

காவலுக்கு இருந்த துறவிகளிடம் பணம் தருவதாகப் பேசிப் பார்த்தார்கள். துறவிகள் மசியவில்லை. மத்தேயு என்ற இளைஞன் கல்லறையை உடைத்தான். உள்ளே தேங்கியிருந்த திரவத்தில் இறங்கி எலும்புகளை அள்ளினான். துறவிகளும் ஊர் மக்களும் அழுதுகொண்டே நிற்க, கப்பல்கள் கிளம்பின.

நிக்கோலஸ், 4-ம் நூற்றாண்டில் மைராவின் ஆயர். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் இரவோடு இரவாகப் பொன்னை வீசிவிட்டுப் போனவர் என்பார்கள். பிற்காலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனது இவர்தான்.

அன்றைய ஐரோப்பாவில் புனிதரின் எலும்பு, அதாவது திருப்பண்டம், வெறும் நினைவுப்பொருள் அல்ல. அது இருக்கும் இடத்தில் புனிதரே குடியிருக்கிறார் என்று நம்பினார்கள். திருப்பண்டம் இல்லாமல் ஆலயத்தை அர்ச்சிக்கக் கூடாது என்று 787-ல் நிசேயா பொதுச்சங்கமே விதித்திருந்தது. பெரிய புனிதர் வந்தால் யாத்ரீகர்கள் வருவார்கள். காணிக்கையும் வியாபாரமும் பின்னாலேயே வரும்.

பாரிக்கு அது ரொம்பவே தேவைப்பட்டது. தென்னித்தாலியில் பைசாந்தியப் பேரரசின் தலைமை நகரமாக இருந்த ஊர், 1071-ல் நார்மன்களிடம் விழுந்து பழைய மவுசை இழந்திருந்தது. போதாக்குறைக்கு, வெனிஸ்காரர்களும் நிக்கோலஸ் மேல் கண் வைத்திருப்பதாகக் காதில் விழுந்தது. முந்திக்கொண்டார்கள்.

திருட்டு பாவமில்லையா? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். புனிதருக்கு விருப்பமில்லை என்றால் அவரை யாரால் அசைக்க முடியும்? வந்துவிட்டார் என்றால் சம்மதித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்! வசதியான நியாயம்தான். மைரா பக்கம் துருக்கியர் கை ஓங்கியதால், காப்பாற்றிக் கொண்டுவந்தோம் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் கப்பல்கள் நகரவில்லையாம். விசாரித்தால், சில மாலுமிகள் ஆளுக்கொரு துண்டை ஒளித்து வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்த பிறகே காற்று திரும்பியது என்கின்றன பழைய குறிப்புகள். திருட்டுப் பொருளிலேயே திருட்டு!

மே 9 அன்று பாரி சேர்ந்தார்கள். யார் பொறுப்பில் வைப்பது என்று அங்கே அடிதடி, உயிர்ச்சேதமும் ஆனது. 1089-ல் திருத்தந்தை இரண்டாம் அர்பன் நேரில் வந்து, புதிய ஆலயத்தின் நிலவறையில் எலும்புகளை வைத்தார்.

வெனிஸ்காரர்கள் விடவில்லை. முதல் சிலுவைப் போர் சமயத்தில் மைரா போய், மிச்சமிருந்த துண்டுகளை அள்ளி வந்தார்கள். எது அசல் என்று இரண்டு ஊருக்கும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்கு. பாரியின் எலும்புகளை 1950-களில் ஆராய்ந்த உடற்கூறு நிபுணர் லூயிஜி மார்ட்டினோ, 1992-ல் வெனிஸில் இருப்பவற்றையும் ஆராய்ந்தார். இரண்டும் ஒரே மனிதருடையவையாக இருக்கலாம் என்றார்.

மைராவின் இன்றைய பெயர் டெம்ரே. அந்த ஆலயத்தில் உடைந்த கல்பெட்டி ஒன்றைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எலும்புகளைத் திருப்பித் தாருங்கள் என்ற குரல் துருக்கியில் அவ்வப்போது எழுகிறது. பாரி இன்னும் தரவில்லை.