பகலில் மலையேறுவோர்க்கும் விளக்கு வேண்டும்

ஜொகூரின் லேடாங் மலை 1,276 மீட்டர் உயரமுடையது. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம் என்றெண்ணிப் புறப்படுவோர் விளக்கை மறந்துவிடுவதுண்டு. இருள் பிரியுமுன் மரம் வெட்டச் செல்வோர்க்குத் தலைவிளக்கின் அருமையை நாம் கூற வேண்டியதில்லை. அடர்ந்த காட்டினுள் கதிரவன் மறையுமுன்பே இருட்டிவிடும். பிற்பகலில் மழை பெய்தால் வழுக்கும் பாதையில் இறங்குவதும் தாமதமாகும். எனவே அவ்விளக்கையும் மாற்று மின்கலங்களையும் பையில் முதலில் வைக்கச் சொல்கிறோம். கைத்தொலைபேசியின் வெளிச்சம் போதாதா எனலாம். உதவிக்கு 999ஐ அழைக்க அதில் மின்சாரம் எஞ்சியிருக்க வேண்டுமன்றோ!

குடிநீர், உணவு, விசில் ஆகியவற்றோடு, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிய உலர்ந்த சட்டையொன்றும் தேவை. நனைந்த ஆடையுடன் மலைக்காற்றில் இரவு தங்க நேர்ந்தால், வெப்பநாட்டிலும் உடற்சூடு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிச் செல்லுங்கள். நேரம் கடந்தும் வராவிடில், எங்கே தேடுவதென அவர்கள் சொல்ல இயலும்.