3 ஆயிரம் கிலோமீட்டருக்கு 4 மணி நேரம். 15 கிலோமீட்டருக்கு 2 மணி நேரம்!

விமானத்தில் வந்த மகன் காவிரிக்குப் போகப் பட்ட பாடு

கந்தர்வக்கோட்டை,

சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் நடுவே சுமார் 3 ஆயிரம் கிலோமீட்டர். கடல் தாண்டி வரும் விமானம் அதை 4 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது.

திருச்சி விமான நிலையத்துக்கும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கும் நடுவே 15 கிலோமீட்டர்கூடக் கிடையாது. அதைக் கடக்க ஒரு மகனுக்கு 2 மணி நேரம் ஆகியிருக்கிறது!

அவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அல்ல. தகப்பனாரின் அஸ்தியைக் கரைக்க வந்தவர். உச்சி வேளைக்குள் ஆற்றில் இறங்கியாக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி தவித்தவர்.

அவருடைய தாய்மாமன் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நம்மிடம் இந்தக் கதையைச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாலு பேர், "எங்களுக்கும் இதே கூத்துத்தான்" என்றார்கள். கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு எது?

வேப்பமரத்தில் கலசம்

தகப்பனார் இறந்தபோது மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். "அஸ்தியையாவது நான்தான் கரைப்பேன், வச்சிருங்க" என்று போனிலேயே அழுதிருக்கிறார் மகன்.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது அல்லவா? மண் கலசத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, கொல்லையில் நின்ற வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டார்கள். 10 நாள் தொங்கியது. 11-ம் நாள் காலை மகன் திருச்சியில் இறங்குவதாகச் சேதி வந்தது.

கந்தர்வக்கோட்டைக்காரர்களுக்குத் திருவையாறு பக்கம். தஞ்சாவூர் போய் அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் காவிரி வந்துவிடும். ஆனால் விமானம் இறங்குவது திருச்சியில். "ஏர்போர்ட்டுலேர்ந்து நேரா அம்மா மண்டபம் போய்க் கரைச்சிட்டு, தலை முழுகிட்டு, அப்புறம் வீட்டுப் படி ஏறுவோம்" என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

மாமன் விடியுமுன்னே மஞ்சள் பையில் கலசத்தை வைத்துக்கொண்டு புறப்பட்டார். கந்தர்வக்கோட்டையில் இருந்து ஆதனக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டை. அங்கே திருச்சி பஸ் ஏறி, கீரனூர் தாண்டி விமான நிலைய ஸ்டாப்பில் இறங்கினார். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே, ஊருக்கு முன்னாலேயே இருப்பதால் இதில் ஒரு சிரமமும் இல்லை.

"பைக்குள்ள என்ன இருக்குன்னு பஸ்ஸுல யாருக்கும் தெரியாது. மடியிலேயே வச்சிருந்தேன்" என்றார்.

வாசலில் பேரம்

திருச்சி விமான நிலையம் இப்போது பழைய நிலையம் அல்ல. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2024 ஜனவரி 2-ந் தேதி திறந்து வைத்தார். அதே ஆண்டு ஜூன் 11-ந் தேதி முதல் பயணிகள் அதில் வந்துபோகிறார்கள். ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் கட்டிடம். முகப்பில் ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணங்களே மின்னுகின்றன.

மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னே பழைய முனையம் வழியாகப் போனவர். புதுக் கட்டிடத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். வெளியே வரும்போது காலை 9.20.

மாமனைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை அடங்குவதற்குள் நாலு டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க சார் போகணும்?"

"ஸ்ரீரங்கம்."

"ஆயிரத்து ஐநூறு குடுங்க."

"டவுன் பஸ்ஸுல போய்க்கிறோம்" என்றார் மாமன்.

"பஸ்ஸா? சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டையே பஞ்சப்பூருக்குத் தூக்கிட்டாங்க பெரியவரே! அங்க போய் நின்னா சாயங்காலம் ஆயிடும்" என்றார் ஒருவர்.

இதில் பாதி நிஜம், பாதி புளுகு. பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பஸ் நிலையத்தை முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் 2025 மே 9-ந் தேதி திறந்து வைத்தார். ஜூலை 16-ந் தேதி அது செயல்பாட்டுக்கு வந்தது. அங்கே போனது வெளியூர் பஸ்கள். ஸ்ரீரங்கம் டவுன் பஸ்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் இரண்டு வருஷம் ஊரில் இல்லாதவருக்கு இது எப்படித் தெரியும்?

செல்போனில் காரைக் கூப்பிடலாம் என்று மகன் முயன்றார். கையில் இருந்தது சிங்கப்பூர் சிம். ரகசிய எண் வந்து சேரவே இல்லை. மாமனிடம் இருந்ததோ பட்டன் போன். மணி 9.50.

"அஸ்தியா?"

ஒரு டிரைவர் 900 ரூபாய்க்கு இறங்கி வந்தார். பெட்டியை ஏற்றும்போது, மஞ்சள் பையையும் டிக்கியில் வைக்கச் சொன்னார். மாமன் மறுத்தார். "அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார் டிரைவர். மாமனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அஸ்தியா? வண்டியக் கழுவணும் சார். கூட ஐநூறு ஆகும்."

மகன் முகம் சுருங்கிப்போயிற்று. பெட்டியை இறக்கிக்கொண்டார். "எங்கப்பாவுக்கு ரேட்டு பேச வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

புதுக்கோட்டை ரோட்டில் இருந்து முனையம் உள்ளே தள்ளி இருக்கிறது. வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு இருவரும் மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால்.

அங்கே ஒரு ஆட்டோக்காரர் நின்றார். வயசானவர். விஷயத்தைக் கேட்டதும், "ஏறுங்க தம்பி. ஐநூறு குடுங்க போதும். பைய மடியிலேயே வச்சிக்கங்க" என்றார். எல்லா டிரைவரும் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு இவரே சாட்சி.

ராஜகோபுரத்தில் இறக்கினார்

ஆனால் இங்கேதான் இன்னொரு கோளாறு. பேசிய பேச்சு "ஸ்ரீரங்கம்". அம்மா மண்டபம் என்று யாருமே வாய் திறந்து சொல்லவில்லை!

சுப்பிரமணியபுரம், டி.வி.எஸ். டோல்கேட் வரைக்கும் வழி ஒன்றுதான். அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. பாலக்கரை, சத்திரம் பஸ் நிலையம், காவிரிப் பாலம் என்று ஊருக்குள் போவது ஒன்று. பைபாஸ் ரோட்டில் பால்பண்ணை, சஞ்சீவி நகர் வழியாகப் போய்த் திருவானைக்காவல் பக்கம் நுழைவது மற்றொன்று.

"ஊருக்குள்ள நெரிசல்" என்று ஆட்டோக்காரர் பைபாசில் விட்டார். சிக்னல், லாரி, நெரிசல் அங்கேயும்தான். கடைசியில் ராஜகோபுரத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, "இதான் தம்பி ஸ்ரீரங்கம்" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. ஆற்றுக்குப் போகும் வழி அங்கிருந்து தெற்கே போகிறது. இருவரும் பெட்டியோடு மறுபடி நடந்தார்கள்.

படித்துறையில் கால் வைத்தபோது மணி 11.20!

தீவில் ஒரு ஊர்

ஸ்ரீரங்கம் போகிற எல்லோரும் ஆற்றைத் தாண்டியே ஆகவேண்டும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கோவில் மட்டும் 156 ஏக்கர். 7 மதில்கள், 21 கோபுரங்கள். வெளி மதில்களுக்குள்ளேயே வீடும் கடையுமாக ஜனங்கள் வாழ்கிறார்கள். 236 அடி ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக மொட்டையாகவே நின்று, 1987 மார்ச் 25-ந் தேதிதான் குடமுழுக்கு கண்டது.

தனி நகராட்சியாக இருந்த ஸ்ரீரங்கம், 1994-ல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது.

ஊரையும் தீவையும் இணைப்பது 1976-ல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். பழுது பார்ப்பதற்காக 2022 நவம்பரில் அதை மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் கார்களும் பஸ்களும் சஞ்சீவி நகர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனதை திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலத்தில் சின்னக் கோளாறு என்றாலும் தீவுக்குப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

பாலம் தாண்டினால் மாம்பழச்சாலை. அங்கிருந்து பக்கம்தான் அம்மா மண்டபம். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் படியே தெரியாத கூட்டம். மற்ற நாட்களில் யாராவது ஒருவர் யாரோ ஒருவருக்காகத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எப்படிப் போவது?

மாமன் பட்ட பாடு மற்றவர்களுக்கு வேண்டாம். வாசகர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

"ஸ்ரீரங்கம்" என்று சொல்லாதீர்கள். கோவிலுக்கு என்றால் "ராஜகோபுரம்" என்றும், ஆற்றுக்கு என்றால் "அம்மா மண்டபம் படித்துறை" என்றும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.

அம்மா மண்டபத்துக்கு சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை வழிதான் நேர்வழி. பைபாஸ் வழி கோவில் பக்கம் கொண்டுபோய் விடும்.

பஸ்சில் போகிறவர்கள் டவுன் பஸ் பிடித்து சென்ட்ரலுக்கோ சத்திரத்துக்கோ போய், ஸ்ரீரங்கம் பஸ் ஏறலாம். ஒன்றாம் நம்பர் பஸ்சைத் திருச்சியில் சின்னப் பிள்ளையும் காட்டும். ஏறுமுன் "அம்மா மண்டபம் வழியா, திருவானைக்காவல் வழியா?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருவானைக்காவல் வழி என்றால் மாம்பழச்சாலையில் இறங்கிவிடுங்கள். பெண்களுக்கு, 2021 மே மாதம் வந்த உத்தரவுப்படி சாதா டவுன் பஸ்சில் டிக்கெட் கிடையாது.

புது முனையத்துக்குள் பஸ் எப்போது வருகிறது என்று உள்ளேயே, பெட்டி எடுக்கும்போதே விசாரியுங்கள். வெளியே வந்து கேட்டால் டிரைவர்தான் பதில் சொல்வார்!

வெளிநாட்டில் இருந்து வருகிறவரிடம் உள்ளூர் சிம் இருக்காது. அழைக்கப் போகிறவர்களில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பிள்ளை ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டிலேயே வாடகையைப் பார்த்து வைத்துக்கொண்டால், வாசலில் கேட்கிற தொகை நியாயமா என்பது தெரிந்துவிடும்.

ஆற்றில் வெள்ளம் திறந்துவிட்டால் போலீசார் படியில் இறங்க விடமாட்டார்கள். கோடையில் தண்ணீர் ஒடுங்கிக் கிடக்கும். மேட்டூர் அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது நல்லது.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

கோடிக்கணக்கில் கட்டிய முனையத்தில் ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணத்தைத் தீட்டியிருக்கிறீர்கள். சந்தோஷம். அந்தக் கோபுரத்துக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, ஆட்டோவுக்கு எவ்வளவு, டாக்சிக்கு எவ்வளவு என்று வெளியே வருகிறவர் கண்ணில் படும்படி, பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வையுங்கள். கலெக்டரும், போக்குவரத்துக் கழகமும், விமான நிலையமும் உட்கார்ந்து ஒரு நாள் பேசினால் முடிகிற காரியம் இது.

இங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்ல. சிங்கப்பூரில் கட்டிட வேலை பார்த்து, வளைகுடா வெயிலில் வெந்து, வருஷம் ஒரு முறை ஊர் திரும்புகிறவர்கள். துக்கத்துக்கு வருகிறவரும் அதில் உண்டு. அவசரத்தில் வருகிறவரிடம்தான் அதிகம் பிடுங்க முடிகிறது என்பது என்ன நியாயம்?

தண்ணீரில் இறங்கினார்

அந்த மகன் பன்னிரண்டு மணிக்குள் காவிரியில் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கலசத்தைக் கவிழ்த்து, மூன்று முறை முழுகி எழுந்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் படி ஏறவில்லையாம்.

"கரைச்சு முடிச்சதும் எனக்கும் மனசு லேசாயிடுச்சு. ஆட்டோக்காரருக்கு நூறு ரூபா கூடக் குடுத்திருக்கலாமேன்னு அப்புறம்தான் தோணுச்சு" என்றார் மாமன்.

லீவு முடிந்து மகன் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். புறப்படும்போது மாமனிடம் இப்படிச் சொன்னாராம்:

"வருஷத் திதிக்கு வர்றேன் மாமா. அப்ப நீங்க ஏர்போர்ட்டுக்கு வர வேணாம். நானே பஸ் ஏறி மாம்பழச்சாலையில இறங்கிக்கிறேன். நீங்க படித்துறையில நில்லுங்க, போதும்."